காப்பிக்கொட்டையின் விலையும் அதனை விதிப்போரும்

ஆழ்வார்பேட்டையில், முன்னர் மோபரே சாலையென வழங்கி இப்பொழுது டி.டி.கே. சாலையெனப் பெயர்பெற்றுள்ள பெருவீதியை அடுத்த தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்வோரைக் காப்பிக்கொட்டை வறுபடும் மணம், கடை கண்ணிற் படுமுன்னரே வந்து எதிர்கொள்ளும். கடையினுட் புகுந்தால் சுவரில் ஒரு விலைப்பலகை தொங்கும். பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரொபஸ்டா என்னும் பெயர்களும், அவற்றிற்கு எதிரே கிலோ ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்னும் இலக்கங்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். சில ஆண்டுகளாக இவ்விலக்கங்கள் அடிக்கடி அழிக்கப்பட்டு, பெரும்பாலும் உயர்த்தியே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒரு நாள் நாம் அங்கு நின்றபோது மாணவர் ஒருவர், கடைக்காரருடைய பேராசையே இதற்குக் காரணமென்று அவர் செவியிற் படும்படி கூறினார். கடைக்காரரோ சினவாது, "மலையிலேயே விலை ஏறிவிட்டது தம்பி, நான் என்ன செய்வேன்?" என்றார். மலைத் தோட்டக்காரரைக் கேட்டால் அவர் பெங்களூர் வியாபாரியைக் காட்டுவார். அவ்வியாபாரி நியூயார்க்கையும் லண்டனையும் காட்டுவார். அங்குள்ளோர் பிரேசில் தேசத்து வானத்தை அண்ணாந்து பார்ப்பர். இவ்வாறு ஒருவரையொருவர் சுட்டிச் செல்லும் அவ்வழியில் நாமும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டுமென்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதற்கண் அப்பலகையிலுள்ள பெயர்களையே நோக்குவோம். பழத்தின் தோலை நீக்கி, நீரிற் கழுவிக் காயவைத்த அராபிகாக் கொட்டைக்கே நம் நாட்டு வாணிகத்தில் பிளாண்டேஷன் என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி எடுப்பது செர்ரி எனப்படும். பழம் ஒன்றினுள் இரண்டு கொட்டைகள் தட்டையான பக்கங்கள் எதிரெதிரே பொருந்த அமைந்திருத்தலே இயல்பு. சில பழங்களில் ஒன்றே உருண்டு திரண்டிருக்கும், அதுவே பீபெரி. கடைக்காரர் "எவ்வளவு சேர்க்கட்டும்?" என்று வினவும் சிக்கரியோ காப்பியே அன்று, ஒரு செடியின் வேர். 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் ஆங்கிலேயருடைய வாணிகத்திற்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது, காப்பி கிடையாது தவித்த மக்களிடையே அவ்வேரை வறுத்துப் பொடித்து அருந்தும் வழக்கம் பெரிதும் பரவிற்று. இக்காலத்து இந்தியச் சட்டம், கலவைப் பொடியில் நூற்றுக்கு 51 பங்கேனும் காப்பியாக இருத்தல் வேண்டுமென விதிக்கின்றது. ஆகவே நம்முடைய டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே அரசியல் புகுந்து நெடுங்காலமாயிற்று என்றே சொல்லலாம்.

பாபா புடன் என்னும் பெரியார் 17ஆம் நூற்றாண்டில் மக்கா யாத்திரையினின்று மீளுங்கால் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து, மைசூர் நாட்டுச் சந்திரகிரி மலையில் நட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. செடி தழைத்தது; ஆனால் பயிர் உடனே பெருகவில்லை. மைசூர்ச் சர்க்கார் விளைவிற் பாதியை வாரமாகக் கொண்டு வந்தது அதற்கொரு காரணம் எனலாம். நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின்னர் பறித்த பழத்திற் பாதியைக் கொடுத்துவிட வேண்டுமென்றால் எவனுக்குத்தான் கை எழும்? 1830களின் இறுதியில் வாரம் ஒழிந்து, எடைக்கு இவ்வளவு என்னும் தீர்வை ஏற்பட்டு, அதுவும் படிப்படியாகக் குறைந்த பின்னரே தோட்டங்கள் விரிந்தன. நம் மாகாணத்தில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820களில் சேர்வராயன் மலையிற் காப்பியை நடுவித்தார். இவையெல்லாம் சிறு தொடக்கங்களே.

சட்டமும் சந்தையும் கூடி ஒரு மலைநாட்டையே எவ்வாறு மாற்றிவிடும் என்பதைக் காண வேண்டுவோர் கடல் கடந்து இலங்கைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு உழைத்த கைகள் தமிழருடையனவாதலின் அது நமக்கு அயலார் கதையுமன்று.

1820களில் இலங்கையின் ஆளுநராயிருந்த பார்ன்ஸ் என்பவர், காப்பியின்மீதிருந்த ஏற்றுமதித் தீர்வையை நீக்கியும், காப்பி நிலங்களுக்கு வரிச்சலுகை அளித்தும், கண்டிக்கு அருகே தாமே தோட்டம் வைத்தும் அப்பயிரை ஊக்கினார். ஆயினும் இங்கிலாந்தில் மேற்கிந்தியத் தீவுகளின் காப்பிக்குக் குறைந்த வரியும் கிழக்கு நாடுகளின் காப்பிக்கு மிகுந்த வரியும் இருந்தமையால் இலங்கைக் காப்பி அங்கே போட்டியிட இயலவில்லை. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட, அங்கே விளைவு குன்றிற்று. 1835இல் இருதிறத்து வரியும் சமமாக்கப்பட்டது. லண்டன் மாநகரத்தில் எழுதப்பட்ட அவ்வொரு வரி மாற்றத்தினால் கண்டி மலைகளின் காடுகள் வீழ்ந்தன.

காடு வீழ்வதற்கு நிலம் வேண்டுமன்றோ? அதற்கும் ஒரு சட்டம் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியேறாத நிலமும், வேறொருவருக்கு உரியவையென மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அரசிக்கே உரியவை என்றது. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக விறகு எடுத்தும் புனம் எரித்துப் பயிரிட்டும் வந்த நிலத்துக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் அந்நிலங்கள் விற்கப்பட்டன. வாங்கினோர் யாவரெனின், ஆளுநர் முதலாகச் சர்க்கார் உத்தியோகஸ்தர் பலரும் அவருள் அடங்குவர். சட்டம் செய்பவரும் அதனாற் பயன் கொள்பவரும் ஒருவராயிருத்தலின் விளைவை மாணவர்கள் இவ்விடத்திற் கண்டுகொள்ளலாம்.

ஆனால் வரியினால் வந்த வாழ்வு வரியினாலேயே தளர்ந்தது. ஆங்கிலப் பேரரசிற்கு உட்பட்ட நாடுகளின் காப்பிக்கு இருந்த சலுகை 1840களில் சிறிது சிறிதாகக் குறைந்து, 1851இல் முற்றும் நீங்கிற்று. இடையே 1847இல் இங்கிலாந்தில் நேர்ந்த வாணிக வீழ்ச்சியினாற் கடன் கொடுப்பாரின்றித் தோட்டங்கள் வந்த விலைக்கு விற்கப்பட்டன. அதன்பின் விலை மீண்டது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இருப்புப்பாதையும் வந்தது. 1869ஆம் ஆண்டில் காப்பியிலையின் அடிப்புறத்தில் துருவின் நிறத்தில் ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. அறிஞர்கள் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டனர். பெயரின் பின்பாதிக்குப் பேரழிவு செய்வது என்பது பொருள். இங்கே நாம் சிறிது நின்று கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. நோய் பரவிய அதே 1870களில் உலகச் சந்தையில் விலையும் ஏறிற்று. செடியொன்றின் விளைவு குறைந்தும் கைக்கு வரும் பணம் குறையாமையால், தோட்டக்காரர் நோயை அஞ்சாது மேலும் மேலும் காடு வெட்டினர். 1878ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் காப்பியாயிற்று. நல்ல விலை நோயை மறைத்துவிட்டது. விலை சாய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது; 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு முறிந்தது; ஓராயிரம் மலைச்சரிவுகளில் காப்பியின் வேரைக் களைந்து தேயிலையை நட்டனர்.

தோட்டக்காரர் பயிரை மாற்றிக்கொண்டனர். கூலிகளின் நிலை யாதாயிற்று? காப்பிப் பழம் பறிப்பது ஆண்டில் சில மாதத்து வேலை. திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மக்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே இரையானோர் பலர். பிழைத்தோர் பறிப்பு முடிந்தபின் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடும் பயிர். அதற்கு நிலையான குடும்பங்கள் வேண்டியிருந்தன. ஆகவே, ஆண்டுதோறும் வந்து போனோர் லயங்களிற் குடியமர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, அவர்களை எண்ணிக்கையாற் பகுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என விட்டுவைத்தது. திரும்பி வந்தோரிற் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேற்றப்பட்டனர். இலையொன்றின் நோயிலிருந்து ஒருவருடைய குடியுரிமை வரையில் இவ்வளவு நெடிய சங்கிலி செல்லுமென்று யார்தான் நினைத்திருப்பார்?

இலைநோய் தென்னிந்தியாவையும் விடவில்லை. வயநாட்டில் எத்தனையோ தோட்டங்கள் கைவிடப்பட்டன. குடகு, மைசூர், சேர்வராயன், பழனி மலைகளின் நிழல்மரங்களின் கீழே காப்பி எஞ்சி நின்றது. அதற்குள் உலகச் சந்தையின் கடிவாளம் பிரேசிலின் கைக்குப் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துக் காப்பியிற் பாதிக்கு மேற்பட்டதை அத்தேசம் ஒன்றே விளைத்தது. மிகுவிளைவினால் விலை சாயவே, 1906இல் அந்நாட்டு மாநிலங்கள் மூன்று தாவுபாத்தே என்னும் ஊரிற் கூடி, மிகுதியைத் தாமே வாங்கிப் பூட்டி வைப்பதென உடன்பட்டன. 1929இன் பெருமந்தத்துக்குப் பின் பூட்டி வைக்கவும் இடமின்றிக் கொளுத்தத் தொடங்கினர். 1931 முதல் 1944 வரையில் அவ்வாறு அழிக்கப்பட்டது, பையொன்று 60 கிலோ வீதம், 7 கோடியே 80 இலட்சம் பை. பிறர் விலையும் நம் விலையும் சேர்ந்து உயரட்டுமென்று பிரேசில் தன் விளைவை எரித்தது. அதன் இலாபத்திற் பங்கு கொண்ட பிற நாடுகள் மேலும் நட்டன.

அப்பெருமந்தத்தில் நம் தோட்டக்காரரும் வீழ்ந்தனர். 1935இல் இந்தியச் சர்க்கார் காப்பித் தீர்வைச் சட்டம் இயற்றி, அத்தீர்வைப் பணத்தைக் கொண்டு விளம்பரம் செய்ய ஒரு குழு அமைத்தது. அதன் பயனாக 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. ஐரோப்பியர் வாங்காவிடில் இந்தியரைக் குடிக்கச் செய்வோம் என்பதே நோக்கம். தமிழ்நாட்டிற்கு அவ்விளம்பரம் தேவைப்படவில்லை என்பது நம் கருத்து. இங்குள்ள குடும்பங்கள் அதற்கு முன்னரே, பெரியோர் முகஞ்சுளிப்பையும் பொருட்படுத்தாது, காப்பிக்கு அடிமையாகி விட்டன.

1939இல் யுத்தம் மூண்டது. ஐரோப்பியச் சந்தைகள் ஒருங்கே மூடப்பட்டன, கப்பலும் கிடையாது. கொட்டை மலையிலே தேங்கிற்று. 1940இன் இறுதியில் அவசரச் சட்டமாகப் பிறந்து, 1942இல் நிலையான சட்டமாகிய ஏற்பாடே, அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தென்னாட்டுக் காப்பியை ஆண்டது. காப்பி போர்டு என்னும் அமைப்பும் அதன் பொதுத் தொகுப்பு முறையும் அவ்வாறு வந்தவை. இதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

தோட்டக்காரன், வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் அனுமதிக்கப்பட்ட சிறு அளவு நீங்கலாக, தான் விளைத்த கொட்டை முழுவதையும் போர்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தானே விற்றால் குற்றம். ஒப்படைத்த கொட்டை தரம் பிரிக்கப்பட்டு, தரத்துக்கும் அளவுக்கும் ஏற்ப இத்தனை புள்ளியென்று அவன் கணக்கில் எழுதப்படும். உடனே ஒரு முன்பணம் கிடைக்கும். போர்டு எல்லாருடைய கொட்டையையும் ஒன்றாகக் கலந்து, ஒரு பகுதியை ஏற்றுமதிக்கும் ஒரு பகுதியை உள்நாட்டுக்கும் ஏலத்தில் விற்று, செலவைக் கழித்து, மீதியைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, தவணை தவணையாகக் கொடுக்கும். கடைசித் தவணை வந்து சேர இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகும்.

இம்முறையின் நன்மை வெளிப்படை. தாண்டிக்குடி மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன், குடகில் ஐந்நூறு ஏக்கர் உடையவனோடு ஒரே கணக்கில் விலை பெற்றான். விலை வீழ்ந்த ஆண்டில் அவன் தனித்து நின்று அடிபடவில்லை. வாங்குவாரில்லை என்னும் அச்சமும் இல்லை. தீமையும் உண்டு. சிறந்த கொட்டையும் எளிய கொட்டையும் ஒரே குவியலில் வீழ்ந்தமையால், பழத்தைப் பதமறிந்து பறித்துக் கழுவி உலர்த்தியவனுடைய உழைப்பிற்குத் தக்க மதிப்பில்லை. தன் பணத்துக்கு மூன்றாண்டு காத்திருக்க மாட்டாத சிறு விவசாயி, இடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கினான்.

இவற்றினும் முக்கியமான ஒன்றை ஆழ்வார்பேட்டைவாசிகளாகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்நாட்டுச் சந்தைக்கு எவ்வளவு விடுவதென்று போர்டு தீர்மானித்தபடியால், உலக விலை ஏறிய காலத்தில் நகரத்து விலை அதனோடு ஏறாமல் அடங்கி நின்றது. 1975ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரேசிலின் பரனா மாநிலத்தைக் கடும் பனி கருக்கிற்று. 1977க்குள் உலக விலை முன்பு கண்டிராத உயரத்துக்குச் சென்றது. அந்நாட்களில் சென்னைக் குடும்பங்கள் பருகிய காப்பியின் விலையில் ஒரு பகுதியை, நமக்குத் தெரியாமலே, மலையிலிருந்தவன் கொடுத்தான். நல்ல காலத்தில் அவன் நமக்குக் கொடுத்தான். கெட்ட காலத்தில் போர்டு அவனைத் தாங்கிற்று. இக்கணக்கு இருபுறமும் நேராயிற்றா என்பதைப் பற்றித் தோட்டக்காரரோடு பேசியிருக்கின்றோம். பெரிய தோட்டத்தார் இல்லையென்றும் சிறியோர் ஆமென்றும் கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். நாம் சிறியோர் பக்கமே சாய்கின்றோம்.

உலகளவிலும் அப்பொழுது ஓர் அணை இருந்தது. 1962இல் ஏற்பட்ட சர்வதேசக் காப்பி ஒப்பந்தம், எந்நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாமென்று பங்கு வகுத்தது. காப்பி விளைக்கும் ஏழை நாடுகள் பொதுவுடைமைப் பக்கம் சாய்ந்துவிடலாகாதே என்னும் அச்சமும் அமெரிக்கர் அதிற் சேர்ந்தமைக்கு ஒரு காரணம். இந்தியாவுக்கோ அப்பங்குக்கு வெளியே மற்றொரு வாயிலும் திறந்திருந்தது. சோவியத் யூனியன் ரூபாய்க் கணக்கில் நம் காப்பியை ஏராளமாக வாங்கிற்று. 1989ஆம் ஆண்டு ஜூலையில் ஒப்பந்தத்தின் பங்கு முறை குலைந்தது. சில மாதங்களுக்குள் உலக விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. 1991இல் சோவியத் யூனியனே மறைந்தது. இரு சுவர்களும் இடிந்தபின் கூரையைத் தாங்குவது எங்ஙனம்? 1992இல் தோட்டக்காரர் விளைவில் 30 பங்கை உள்நாட்டில் தாமே விற்கலாமென்று அனுமதி வந்தது. அடுத்த ஆண்டு அது 50 ஆயிற்று. பின்னர்ச் சிறு தோட்டத்தாருக்கு முழு உரிமையும், 1996இல் எல்லோருக்கும் முழு உரிமையும் கிடைத்தன. போர்டு ஆராய்ச்சிக்கும் உதவிக்கும் உரிய அமைப்பாக எஞ்சிற்று.

விடுதலை வந்த காலம் நற்காலமாய் அமைந்துவிட்டது. 1994இல் பிரேசிலில் மீண்டும் பனி பெய்ய, விலை மேலே பாய்ந்தது. குடகிலும் சிக்கமகளூரிலும் புதிய வீடுகளும் வண்டிகளும் தோன்றின. சட்டத்தை நீக்கியதே செழிப்பைத் தந்ததென்று பலரும் எண்ணினர், பனியை மறந்தனர். அதே விலையைக் கண்டு வியட்நாம் தேசத்தவர் மலைச்சரிவெங்கும் ரொபஸ்டாவை நட்டனர். அங்கே 1986இல் தொடங்கிய சீர்திருத்தங்களினால் நிலமும் கடனும் குடிகளின் கைக்கு வந்திருந்தன. 2000ஆம் ஆண்டளவில் அந்நாடு கொலம்பியாவைப் பின்தள்ளி உலகில் இரண்டாமிடத்தை அடைந்தது. 2001இல் காப்பியின் சராசரி உலக விலை ராத்தலுக்கு அரை டாலருக்கும் கீழே இறங்கிற்று. இம்முறை நம் விவசாயிக்குத் தொகுப்பும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஏற்காட்டிலும் கூடலூரிலும் பழத்தைப் பறிக்கும் கூலிக்கே அதன் விலை காணாத நிலை வந்தது. உலகத்து விளைவில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று நான்கே. தமிழ்நாட்டின் பங்கு இந்தியாவினுள்ளும் ஏறத்தாழ ஐந்தே. இத்துணைச் சிறியவன் விலையைக் கேட்டுக்கொள்ளலாமேயன்றிச் சொல்ல இயலாது.

2021இல் பிரேசிலில் மறுபடியும் பனி. அடுத்து வியட்நாமில் வறட்சி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகாவின் விலை ராத்தலுக்கு நான்கு டாலரைக் கடந்தது. தொகுப்பு முறை இருந்த நாளில் ஆழ்வார்பேட்டைக்கு மெல்லக் கசிந்து வந்த செய்தி, இப்பொழுது சில வாரங்களிலேயே விலைப்பலகையில் ஏறிவிடுகின்றது. நம் மாணவர் கண்டது அதனையே. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

இவ்வுயர்விற் பெரும்பங்கு இம்முறை மலையிலிருப்பவன் கைக்குப் போகின்றதென்பது உண்மை. மழை தவறிப் பூ உதிராத தோட்டங்களுக்கே அதுவும் பொருந்தும். இதற்கிடையே வேறொரு சட்டம் அவன் வாயிலுக்கு வந்து நிற்கின்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31க்குப் பின் காடு அழித்த நிலத்தில் விளைந்த காப்பி தன் எல்லைக்குள் வரலாகாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதித்தது. அதன் அமலாக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒத்திவைக்கப்பட்டது. காடுகளைக் காக்கும் நோக்கத்தை யாரும் குறை கூறார். ஆனால் நூறாண்டு நிழல்மரத்தின்கீழ் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனும், தன் நிலம் பூமியில் எவ்விடத்தில் உள்ளதென்பதை அட்சரேகை தீர்க்கரேகையோடு பதிந்து காட்டியாக வேண்டும். நம் நாட்டு ஏற்றுமதியிற் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கே செல்வதால், மலைகளில் அவ்வேலை தொடங்கிவிட்டது. கைபேசியைக் கையிலேந்தி வரப்பின் நான்கு மூலைகளிலும் நின்று புள்ளி குறிக்கும் இளைஞர்களை இப்பொழுது அங்கே காணலாம்.